மார்க்ஸ் கற்ற பள்ளிகள்



மலையகத்தில் மார்க்சின் பெயரைத் தொழிற்சங்க மேடைகளில் முழக்கமாகவே அதிகம் கேட்டிருக்கிறோம். அவரோ முதலில் ஒரு மாணவர். 1841இல் கிரேக்க அணுக்கொள்கையை ஆராய்ந்துதான் யேனாவில் முனைவரானார். எபிக்யூரஸ் சொன்னபடி அணு தன் நேர்வழியிலிருந்து சற்றே விலகுவதில் மனிதச் சுதந்திரத்துக்கு இடம் கண்டார். பின்னர் ஹெகலின் இயங்கியல், ஃபாயர்பாக்கின் பொருள்முதல்வாதம், பிரெஞ்சு சோசலிஸ்டுகளின் சமத்துவம் எல்லாம் வந்தன. எதையும் அவர் கேள்வியின்றி ஏற்கவில்லை. அந்த வாசிப்பு முறையே அவர் விட்டுச்சென்றவற்றுள் தலையாயது என்பது என் வாதம்.

ஆங்கிலப் பொருளியலாளர் ரிக்கார்டோவை அவர் வாசித்த விதத்தைப் பாருங்கள். பண்டத்தின் மதிப்பை உழைப்பே தீர்மானிக்கிறது என்று 1817இல் ரிக்கார்டோ எழுதினார். அப்படியானால் உழைப்பை உரிய விலைக்கு வாங்குபவருக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது? தொழிலாளி விற்பது உழைக்கும் ஆற்றலை என்றார் மார்க்ஸ். மறுநாளும் உழைக்க வருவதற்கு வேண்டியதே அதன் விலை, அன்று விளைவதோ அதைவிட அதிகம். லயக் காம்பராவும் அரிசியும் தந்து, நாட்சம்பளத்தைக் குறைத்து, நிறை குறைந்தால் அரைநாள் கூலியாக அரைப்பேர் போட்ட தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மார்க்சின் சிந்தனை அந்நியச் சரக்கு என்பார்கள். ‘மூலதனம்’ முதல் பாகம் வெளிவந்த அதே 1867இல் தோட்டத் துரை ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தேயிலையும் அதற்கான முதலும் கடல் கடந்து வந்தவையே. அவற்றை ஆராயும் சிந்தனையை மட்டும் துறைமுகத்தில் நிறுத்துவது நியாயமல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 1948இல் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை மறுத்த சட்டத்தை எதிர்த்த, மார்க்சியம் பேசிய லங்கா சமசமாஜக் கட்சி 1964 ஜூனில் அரசில் சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோதும் அக்கட்சி அமைச்சரவையில் இருந்தது. மார்க்சைப் படித்தவர்களே நம்மைக் கைவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கமாட்டேன். ஹெகலின் அரசுக் கோட்பாட்டையே கேள்விக்குள்ளாக்கிய மார்க்சின் துணிவு, அமைச்சரவையில் அமர்ந்த அவர்களிடம் இல்லை.

கோட்பாட்டிலும் நிரப்பவேண்டிய இடம் உண்டு. மார்க்ஸ் ஆராய்ந்த தொழிலாளி, தன் ஆற்றலை விரும்பியவருக்கு விற்கலாம். 1921இல் கடன் சீட்டான துண்டு முறை ஒழியும்வரை, கங்காணியின் கடனில் கட்டுண்ட நம் முன்னோருக்கு அதுவும் வாய்க்கவில்லை. கடனும் சாதியும் குடியுரிமை மறுப்பும் சேர்ந்து கூலியை எப்படித் தாழ்த்தி வைத்தன என்பதை எழுதத் தோட்டப் பதிவேடுகளும் உங்கள் பாட்டிமாரின் நினைவுகளும் இருக்கின்றன. பட்டம் பெற்ற நீங்கள் அதை எழுதுங்கள். மார்க்ஸ் தவறிய இடத்தைத் தவறு என்றே எழுதுங்கள்.