பூனைக்குத் தெள்ளு மருந்து: நாய்க்கு வாங்கியதைத் தொடாதீர்கள்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜோகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய் வட்டாரத் தாமான்களில் பூனை இல்லாத தெருவைக் காண்பது அரிது. வீட்டுக்குள் வளர்வது ஒன்று என்றால், சோற்று நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பவை இரண்டு. நம்மவர் வீடுகள் பலவற்றில் காவலுக்கு நாயும் உண்டு. இப்படி நாயும் பூனையும் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகளுக்கு இன்றைய பேச்சு மிகவும் முக்கியம். தெள்ளுப்பூச்சியைக் கொல்ல வாங்கிய மருந்தே பூனையின் உயிரைக் குடித்துவிடும் ஆபத்து அங்கேதான் அதிகம்.

அந்த மருந்தின் பெயர் பெர்மெத்ரின். நாயின் முதுகில் சொட்டுச் சொட்டாக விடும் மருந்துகள் சிலவற்றில் இது நூற்றுக்கு 45 பங்கும் அதற்கு மேலும் இருக்கிறது. நாயின் உடல் இதைத் தாங்கிக்கொள்ளும். பூனையின் கல்லீரலுக்கோ இந்த நஞ்சை விரைவாக முறித்து வெளியேற்றும் ஆற்றல் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45 விழுக்காடு மருந்து ஒரு மில்லிலிட்டரில் 450 மில்லிகிராம் பெர்மெத்ரின் இருக்கும். அது நாலரைக் கிலோ பூனையின் மேல் விழுந்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். பூனையின் உயிருக்கே உலை வைக்க அந்த அளவு போதும்.

இது உலகம் முழுவதும் கண்ட அனுபவம். தோலில் சொட்டு விடும் மருந்துகளைப் பற்றி 2008ஆம் ஆண்டில் மட்டும் 44,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆய்வில் இறங்கியது. நாய் மருந்தைப் பூனைக்குப் போடுவதும் பாதிப்புகளுக்கு ஒரு காரணம் என்பது 2010இல் வெளியான முடிவில் தெரிந்தது.

மருந்து வேலை செய்யவில்லையா?

பாசமாக வளர்க்கும் பூனைக்கு நாய் மருந்தைப் போடும் எண்ணம் ஏன் வருகிறது? பெரும்பாலும் பொறுமை இழப்பதால்தான். பூனை மருந்து போட்டாகிவிட்டது, பத்து நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் தெள்ளு. "இது வீரியம் இல்லாத மருந்து, நாய்க்கு வாங்கியதைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்" என்று கை நீள்கிறது.

உண்மையில் மருந்து தோற்கவில்லை. பூனையின் உடலில் காணும் தெள்ளு மொத்தத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான். மற்ற 95 விழுக்காடு முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் மெத்தையிலும் சோபா இடுக்கிலும் கால்மிதியிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். கூட்டுக்குள் இருக்கும் புழுவைப் பூச்சிமருந்து எளிதில் எட்டாது. அது மாதக்கணக்கில்கூடக் காத்திருந்து வெளிவரும். குளிர்நாடுகளில் பனிக்காலம் தெள்ளின் பெருக்கத்தைச் சற்று அடக்கும். ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த ஜோகூரில் அதற்கு ஓய்வே கிடையாது.

ஆகவே, வீரியத்தைக் கூட்டுவதால் பயனில்லை. வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். பூனை படுக்கும் துணிகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். தூசி உறிஞ்சும் கருவியால் சோபா, கட்டில் அடி எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்து, குப்பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே சமயத்தில் அததற்கு உரிய மருந்தைப் போட்டு, மூன்று மாதமாவது விடாமல் தொடருங்கள்.

எதை வாங்குவது?

முதலில், அரிப்பது தெள்ளுதானா என்று பாருங்கள். பூனையைச் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம்.

கடையில் மருந்தை எடுத்ததும் நான்கு விவரங்களைப் படியுங்கள்: பூனைக்கு உரியதா, எத்தனை கிலோ எடைக்கு, எத்தனை வார வயதுக்கு மேல், உள்ளே இருக்கும் மருந்து எது. பூனைக்கென்று தயாரிக்கப்பட்ட ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், செலாமெக்டின் சொட்டு மருந்துகள் நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ளவை. முதல் இரண்டும் பொதுவாக 8 வாரக் குட்டியிலிருந்து போடப்படுகின்றன. ஃபுளுராலேனர் போன்ற புதிய வகை மருந்து வாங்குவதானால், பூனைக்கு வலிப்பு வந்ததுண்டா என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெயர் ஒற்றுமையில் ஏமாறாதீர்கள். அட்வான்டேஜ் என்ற பெயரில் பூனைக்கும் மருந்து உண்டு. அட்வான்டிக்ஸ் நாய்க்கு மட்டுமே, அதில் பெர்மெத்ரின் இருக்கிறது. லேபிள் கிழிந்த பெட்டி, சிறு குப்பியில் பிரித்து விற்கும் மலிவுச் சரக்கு எதுவாயினும் வேண்டாம். பெரிய நாய்க்குரிய மருந்தைப் பங்கு பிரித்துப் போட்டு நாலு வெள்ளி மிச்சம் பிடிப்பதும் வேண்டாம்.

நாய்க்குப் பெர்மெத்ரின் போட்டால், மூன்று நாளாவது பூனை அதனோடு ஒட்டிப் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனை உள்ள வீட்டில் நாய்க்கும் வேறு மருந்து கேட்டு வாங்குவதே நல்லது.

சமையலறை வைத்தியம்

பூனை நாள் முழுதும் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. தோலில் பூசியது வயிற்றுக்குள் போகும். மண்ணெண்ணெய், கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், தேயிலை மர எண்ணெய், எலுமிச்சை எண்ணெய் எதையும் பூசக்கூடாது. பூண்டு பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். "இயற்கையானது" என்ற சொல் பூனைக்குப் பாதுகாப்பு ஆகாது. மிகச் சிறிய குட்டிகளுக்குப் பல் நெருங்கிய சீப்பும் சோப்புக் கலந்த ஒரு கிண்ணம் நீரும் போதும்: வாரி எடுத்து நீரில் போடுங்கள். ஈறு வெளுத்த, சோர்ந்த குட்டியைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தெள்ளு குடித்த இரத்தத்தாலேயே குட்டிகள் சாவதுண்டு.

அதற்காகத் தெள்ளை அப்படியே விட்டுவிடவும் முடியாது. தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரும். 2011இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்று, இங்குள்ள நாய் பூனைகளின் தெள்ளுகளில் மனிதருக்கும் நோய் தரக்கூடிய ரிக்கெட்சியா ஃபெலிஸ், பார்டனெல்லா கிருமிகளைக் கண்டறிந்தது.

தவறு நடந்துவிட்டால்

நாய் மருந்து பூனைமேல் பட்டால், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ காது துடிப்பு, உடல் நடுக்கம், எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம், வலிப்பு தோன்றும். அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, துணியால் துடைத்து, சூடு குறையாமல் போர்த்துங்கள். வலிப்பு தொடங்கிவிட்டால் கழுவிக்கொண்டிருக்காமல் நேரே கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். பால், இளநீர் எதையும் புகட்டாதீர்கள்; வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆனால், நடுக்கத்தை அடக்கி உடலைத் தாங்கும் சிகிச்சை உரிய நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலான பூனைகள் சில நாள்களில் தேறிவிடும்.

வளர்ப்புப் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்று மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டமும் சொல்கிறது. இன்றிரவே அலமாரியைத் திறந்து, நாய் மருந்துப் பெட்டியின்மேல் தடித்த எழுத்தில் "பூனைக்கு ஆகாது" என்று எழுதி வையுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மருந்தை எடுக்கும் பிள்ளைகளுக்கும் அது தெரியட்டும்.