டைட்டானியமும் திரவ நைட்ரஜனும்



வெள்ளி விழா மேடையில் ஓர் உலோகத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். 1942ஆம் ஆண்டு வைசிராயிடம் அளித்த மனுவில், கலைப் படிப்பையும் சட்டப் படிப்பையும் விட, விஞ்ஞானத்திலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வியே நம் மக்களுக்குத் தேவை என்று அண்ணல் அம்பேத்கர் வற்புறுத்தினார். நம் பிள்ளைகளோ ஐ.டி.ஐ.யில் டர்னர் பயிற்சி முடித்தவுடன், கணிப்பொறி ஆராய்ச்சி வேறு யாருக்கோ உரியது என்று ஒதுங்கிவிடுகின்றனர். அப்படித்தானா என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட் என்னும் கனிமம் உண்டு. அதில் அடங்கியிருப்பது டைட்டானியம். அதே பருமனுள்ள இரும்பின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடே இருக்கும், வலிமையோ மிகுதி. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த அதன் கலவை விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் பயன்படுகிறது.

ஆனால் லேத்தில் ஏற்றினால் இது முரண்டு பிடிக்கும். எஃகைக் கடையும்போது வெப்பத்தின் பெரும்பகுதி சுருளோடு வெளியேறிவிடும். டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே சூடு டூலின் முனையிலேயே தங்கி, முனையைத் தின்றுவிடும். சாதாரண கூலண்ட் அந்த முனைவரை செல்வதில்லை. எனவே, பூச்சியத்துக்குக் கீழ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைப் பாய்ச்சுகின்றனர். சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் டூலிலேயே துளையிட்டு அதனைச் செலுத்திப் பார்த்தனர். சாதாரண கூலண்டை விட வெட்டுமிடத்தின் வெப்பநிலை 61 முதல் 66 விழுக்காடு வரையும், டூலின் தேய்மானம் 27 முதல் 39 விழுக்காடு வரையும் குறைந்ததாக 2011இல் வெளியிட்டனர்.

நைட்ரஜன் ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடும், எண்ணெய்க் கழிவில்லை. எனினும் காற்றோட்டமற்ற அறையில் பிராணவாயுவை விரட்டி உயிரைக் குடித்துவிடும். கழிவுநீர்த் தொட்டிகளில் உறவினரைப் பறிகொடுத்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒவ்வொரு வேகத்துக்கும் உலோகத்தை வெட்டிப் பார்ப்பது பெருஞ்செலவு. ஆகவே கணிப்பொறிக்குள்ளேயே கடைந்து பார்க்கின்றனர். இதனைச் சிமுலேஷன் என்பர். டூலையும் உலோகத்தையும் மிகச்சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விசையும் வெப்பமும் எவ்வளவு என்று கணிப்பொறி கணக்கிடும்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் விழும் நீர்த்துளி உடனே ஆவியாகாமல் உருண்டோடுவதை நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிவர். அடியில் உண்டாகும் ஆவிப்படலம் துளியைத் தாங்கிக்கொள்கிறது. சூடான டூலின் மேல் திரவ நைட்ரஜனும் அவ்வாறே ஆவிப்படலம் போர்த்திக்கொள்ளும். அப்போது குளிர்ச்சி குறையும். எவ்வளவு குறையும் என்ற எண்ணைக் கணிப்பொறிக்கு மனிதரே தர வேண்டும். தவறான எண்ணைத் தந்தாலும், அது வண்ணப்படத்தை அழகாகவே வரைந்து காட்டும்! அந்தப் படம் மெய்யா பொய்யா என்பதை லேத்தின் முன் நின்று, விசையையும் வெப்பத்தையும் தேய்மானத்தையும் அளப்பவரே உரைக்க முடியும். கைவேலை தாழ்ந்தது, மூளைவேலை உயர்ந்தது என்று வகுத்தவர்களின் கணக்கு இவ்விடத்தில் செல்லாது.

இளைஞர்களே, ஃப்ரீகேட் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. ஒரே அளவுள்ள செப்புக் கம்பி, எஃகுக் கம்பி இரண்டின் முனையைச் சூடாக்கினால், நடுவில் ஒட்டிய மெழுகு எதில் முதலில் உருகும், எத்தனை நொடியில் என்பதை அதில் கணக்கிடுங்கள். பின்னர் மெழுகும் கடிகாரமும் கொண்டு மெய்யாகவே செய்து பாருங்கள். இரு விடைகளையும் எழுதிக்கொண்டு சங்க நூலகத்துக்கு வாருங்கள். வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று சேர்ந்தே தேடுவோம்.