செவிவழிச் சரித்திரமும் யானைமலைக் கல்லும்

(ஒத்தக்கடையில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நம் தேச சரித்திரத்தைச் செவியால் கற்றல் என்பது. பாட்காஸ்ட் என்றும் வலையொலி என்றும் வழங்கும் ஒலித்தொடர்கள் இப்பொழுது நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. மல்லிகை தொடுக்கும் நம் தாய்மார்கள் கைப்பேசியை முறத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்துச் சோழர் கதை கேட்கின்றார்கள். மேலூர்ச் சாலையில் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகள் பாண்டியர் போர்களைக் கேட்டுக்கொண்டே மதுரை சேர்கின்றார்கள். இது நன்மையா தீமையா என்று என்னைச் சிலர் வினவினர். நன்மையே என்பது என் கருத்து. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. அந்நிபந்தனையைக் கூறவே இங்கு வந்துள்ளேன்.

முதலில் அஃது இன்னதென்று அறியாதார்க்குச் சிறிது விளக்குவேன். ஐபாட் என்னும் சிறு இசைக்கருவி 2001-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பெயரின் பாதியையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பாதியையும் கூட்டி, 2004-ல் பென் ஹாமர்ஸ்லி என்பார் பிரிட்டிஷ் பத்திரிகையொன்றில் பாட்காஸ்ட் என்னும் சொல்லைக் கையாண்டார். 2022-ல் அக்கருவியின் உற்பத்தியே நின்றுபோயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஒருவர் தம் பேச்சைப் பதிவு செய்து வலையில் ஏற்றி வைப்பார். தொடரை விரும்பிப் பதிந்துகொண்டோர் அனைவர்க்கும் புதிய பகுதி வந்துசேரும். அவரவர் வேண்டும் பொழுது கேட்கலாம், நிறுத்தலாம், மீண்டும் கேட்கலாம்.

வானொலிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை செலவில் உள்ளது. சென்னையில் 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நிறுவிய வானொலிச் சங்கம் மூன்றே ஆண்டுகளில் பொருள் முட்டுப்பாட்டால் நின்றது. அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்டு 1930 முதல் நகரசபை ஒலிபரப்பியது. திருச்சிராப்பள்ளிக்கு நிலையம் வந்தது 1939-ல். இவ்வளவு பாடுபட்டு அடைந்த ஒலிபரப்பை இன்று ஒரு மாணாக்கன் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து செய்துவிடுகின்றான். அனுமதி கேட்பார் இல்லை. பிழை திருத்துவாரும் இல்லை. இதன் சிறப்பும் அபாயமும் அவ்வொன்றே.

செவியால் கற்பது நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரில் ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் பரமேசுவரவர்மன் அளித்த செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்தது. நம் கிராமங்களிலும் பாரதம் படிப்போர் விளக்கைச் சுற்றிச் சனங்கள் விடியுமளவும் அமர்ந்திருந்த வழக்கத்தை முதியோர் அறிவர். எழுத்தறியாத தாய்மாரும் அர்ச்சுனன் தவத்தைப் பிழையின்றிக் கூறியது இக்கேள்வியறிவால் அன்றோ? ஆனால் அங்கே ஒரு காவல் இருந்தது. படிப்பவர் கையில் ஏடு இருந்தது. கேட்போருள் கதை தெரிந்த கிழவர் நால்வர் இருந்தனர். பாட்டைத் தவறவிட்டால் அவ்விடத்திலேயே கனைப்புச் சத்தம் கேட்கும். காதுக்குள் தனியே ஒலிக்கும் இன்றைய பேச்சுக்கு அக்கனைப்பு இல்லை.

நல்ல தொடர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்கரான மைக் டங்கன் என்பார் 2007 முதல் 2012 வரை ரோமாபுரியின் சரித்திரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகச் சொல்லி முடித்தார். சரித்திரத்தை இம்முறையில் சொல்லலாம் என்று பலர்க்கு வழிகாட்டியது அத்தொடர். நம் தேசத்தில் அமித் வர்மா நடத்தும் ‘தி சீன் அண்ட் தி அன்சீன்’ என்னும் தொடரில் சரித்திர ஆசிரியர்கள் பல மணி நேரம் உரையாடுகின்றனர்; பேச்சில் வந்த நூல்களின் பட்டியலையும் அவர் கூடவே வெளியிடுகின்றார். அனிதா ஆனந்த், வில்லியம் டால்ரிம்பிள் ஆகிய இருவர் 2022-ல் தொடங்கிய ‘எம்பயர்’ என்னும் தொடர், இந்தியாவில் பிரிட்டிஷார் ஆட்சியிலிருந்தே கதையை ஆரம்பித்தது. இவை ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் மிகுதியாகக் கேட்கப்படுவது சரித்திரத்தைவிடச் சரித்திர நவீனமே என்று எனக்குத் தோன்றுகின்றது. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னை இன்று ஒலிவடிவில் கேட்டு மகிழ்வோர் பலர். மகிழட்டும்! ஆயினும் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட செய்தி உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளது. நந்தினியோ கல்கியின் கற்பனையில் பிறந்தவள். இரண்டையும் ஒரே குரல் ஒரே உருக்கத்தோடு சொல்லும்பொழுது, கேட்கும் குழந்தைக்கு வேறுபாடு எங்ஙனம் விளங்கும்?

இனி, என் மனத்தை வருத்தும் செய்திக்கு வருகின்றேன். சில மாதங்களுக்கு முன் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் எனக்கு ஓர் ஒலிப்பதிவை அனுப்பினார். யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையைச் செய்தவன் நம் குலத்தவனே என்று அதில் ஒருவர் முழங்கினார். முரசும் சங்கும் பின்னால் ஒலித்தன. கேட்க இன்பமாகவே இருந்தது. பத்து நாள் கழித்து வேறு சமூகத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தம் பிள்ளைக்கு வந்த பதிவென்று ஒன்றைக் கேட்கச் செய்தார். அதே குரல், அதே முரசு, அதே சங்கு. குலத்தின் பெயர் ஒன்றே மாறியிருந்தது. மூன்றாவது பதிவொன்று எவர் வீட்டில் ஒலிக்கின்றதோ, யான் அறியேன்.

நகைப்பிற்கு இடமான விஷயம் என்று இதனை விட்டுவிட என்னால் இயலவில்லை. ஒரே கோயிலை இரு குலத்துப் பிள்ளைகள் தத்தமதென்று நம்பி, ஒரே பேருந்தில் ஒரே கல்லூரிக்குச் செல்கின்றனர். ஒருநாள் வாய்ச்சொல் தடிக்குமாயின், முரசு முழக்கியவர் வந்து நிற்பாரோ? வழக்கும் காவல் நிலையமும் நம் பிள்ளைகளுக்கே வாய்க்கும்.

ஆகையால் கல் என்ன கூறுகின்றது என்று பார்ப்போம். அது தொலைவில் இல்லை. இக்கூட்டம் முடிந்தபின் நடந்தே சென்று காணலாம். நரசிங்கத்துக் குடைவரையில் வடமொழியில் கிரந்த எழுத்தாலும் தமிழில் வட்டெழுத்தாலும் பொறித்த சாசனங்கள் உள்ளன. கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770-ல், பாண்டியன் மாறஞ்சடையனுடைய உத்தரமந்திரியாகிய மாறன்காரி என்பான் இக்கற்றளியைச் செய்வித்தான். களக்குடி என்னும் கரவந்தபுரத்து வைத்திய குலத்தவன் அவன். மதுரகவி என்பதும் அவன் பெயர். நீர்த்தெளிக்கும் சடங்கு நடப்பதற்கு முன்னரே அவன் இறந்துபோனான். அவனுக்குப்பின் உத்தரமந்திரியான தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தை எடுத்து, நீர்த்தெளித்து, தமையனுடைய காரியத்தை நிறைவேற்றினான்.

சபையோரே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மலையைக் குடைந்து முடித்தவன் தன் கோயிலின் திருவிழாவைக் காணவில்லை. தம்பி, தான் கட்டியதாகச் சொல்லிக்கொள்ளாமல், தமையன் செய்தது இது, யான் செய்தது இவ்வளவு என்று பிரித்து எழுதி வைத்தான். முரசு முழக்கிய பதிவில் இச்செய்தி ஒன்றுகூட இல்லை. பெருமை தேடியவர் கல்லில் உள்ள பெருமையைக் கோட்டைவிட்டனர்! மேலும், அவ்வைத்திய குலம் இன்றைய சாதிகளுள் எது என்று அக்கல்லில் எழுதப்படவில்லை. எழுதாததை நாம் எழுதிக்கொள்ளலாகாது.

அதே மாறன்காரியின் பெயர் மற்றொரு சாசனத்திலும் வருகின்றது; அது வேள்விக்குடிச் செப்பேடு. நெடுஞ்சடையன் என்னும் அப்பாண்டியனுடைய மூன்றாம் ஆட்சியாண்டில் எழுந்தது. அரசன் ஆணையை நிறைவேற்றிய ஆணத்தியாக மாறன்காரி அதில் குறிக்கப்படுகின்றான். அதன் வரலாறு நம் விஷயத்திற்கு மிகவும் பொருந்தும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி முன்னாளில் கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு வேள்விக்குடியை வழங்கினான். பின்னர்க் களப்பிரர் அதனைக் கைப்பற்றினர். நெடுங்காலம் சென்றபின், அவ்வுரிமையுடையார் ஒருவர் கூடல் மாநகரில் அரசன் வருங்கால் உரத்த குரலில் முறையிட்டார். அரசன் சினக்கவில்லை, உடனே ஊரைத் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. நகைத்து, உம் ஊரின் பழமையை நாட்டார் முன் மெய்ப்பித்துக் காட்டுக என்றான். அவர் காட்டினார், ஊர் மீண்டது.

முறையீட்டைக் கேட்பதற்கு அரசன் செவி திறந்திருந்தது; ஆனால் கேட்ட மாத்திரத்தில் அதனைச் சரித்திரமாக அவன் ஏற்கவில்லை. உலகனேரியில் 2004 முதல் நடக்கும் உயர்நீதிமன்றக் கிளைக்குச் செல்வோரை நாம் நாள்தோறும் நம் சந்திப்பில் காண்கின்றோம். மூலைக்கொரு காணி வழக்கிற்கும் பத்திரம் எங்கே, பட்டா எங்கே என்று கேட்கும் நாம், ஆயிரம் ஆண்டுச் சரித்திரத்திற்கு மட்டும் குரலின் கம்பீரமே போதும் என்று இருப்பது நியாயமாகுமா? ஒலித்தொடர் கேட்கும் பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டுவது, இதனை எந்தச் சாசனத்தில், எந்த நூலில் கண்டு இவர் கூறினார் என்பதே. நல்லவர் தாமே கூறிவிடுவர். கூறாதவரை நவீனம் கேட்பதுபோற் கேட்டு மகிழ்க.

இவ்வளவு கூறியதனால் குரலுக்குச் சான்றாகும் தகுதியே இல்லை என்று எவரும் கொள்ளற்க. கல்லில் ஏறாத சரித்திரம் ஒன்று உண்டு. அது மனிதர் நெஞ்சில் உள்ளது. 1947 பிரிவினையில் ஊர் இழந்தோரின் வாய்மொழியைப் பதிவு செய்யப் புகுந்த முயற்சியொன்று பதினாயிரத்திற்கு மேற்பட்ட வரலாறுகளைச் சேர்த்துள்ளது. அரசாங்கக் கோப்புகளில் அவர்கள் வெறும் தொகை. தம் குரலில் அவர்கள் மனிதர்.

நமக்கும் அத்தகைய செல்வம் உண்டு. 2010-ஆம் ஆண்டில் இந்த யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை எழுந்தபொழுது, சுற்றியுள்ள ஊரார் சாதி பேதம் பாராமல் திரண்டு தடுத்தனர். அக்கிளர்ச்சியை ஒட்டி எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முதலியோர் தொடங்கிய பசுமை நடை, மதுரைக் குன்றங்களுக்குச் சனங்களை அழைத்துச் செல்கின்றது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் அவ்விடங்களில் கல்வெட்டுகளை விளக்கியுள்ளார். அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதை எதிர்த்து 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்த பேரணியில் நம்மவர் பலர் சென்றிருப்பர். அம்மாதத்திலேயே மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. பத்திரிகைகளில் தேதியும் தலைவர் பெயரும் கிடைக்கும். அன்று எவர் வீட்டில் உலை வைத்தனர், முதலில் யார் கூப்பிட்டனர், மலையின்மேல் ஆடு மேய்த்தவர் என்ன கூறினர் என்பவை இச்சபையில் வீற்றிருக்கும் முதியோர்க்கே தெரியும். அவர்களுள் சிலர் சென்ற ஆண்டு இருந்தனர், இவ்வாண்டு இல்லை.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். நம் பெயரால் ஓர் ஒலித்தொடர் தொடங்குவோம். அதில் குலப்பெருமை வேண்டா. மாதம் ஒரு முதியவர் தாம் கண்டதைச் சொல்லட்டும்; கண்டது எது, கேட்டது எது என்று பதிவு செய்யும் இளைஞர் வினவிப் பிரித்துக்கொள்ளட்டும்; தேதி தெரிந்தவிடத்துத் தேதியையும் குறிக்கட்டும். பிற சமூகத்துப் பெரியோர்களையும் அழைக்க வேண்டும். மலை நமக்கு மட்டும் உரியதன்று. கல்வெட்டுப் பற்றிப் பேசுவதாயின் வட்டெழுத்துப் படிக்கக் கற்றவரைக் கொண்டே பேசுவித்தல் வேண்டும். செலவு அதிகமில்லை, கைப்பேசி ஒன்றும், மின்விசிறி ஓடாத அறை ஒன்றும் போதும்.

முதற் பதிவிற்கு, 2010-ல் கூட்டத்தில் முன்னின்ற தாய்மார் இருவர் இசைந்துள்ளனர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நரசிங்கப் பெருமாள் கோயில் வாயிலில் கூடுவோம். சாசனத்தைக் கண்ட பிறகே பதிவு நடைபெறும். அவ்விரு ஒலிப்பதிவுகளையும் அனுப்பிய பிள்ளைகள் இருவரையும் அழைத்திருக்கின்றேன், வருவதாகக் கூறியுள்ளனர். வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டுமாதலால், குடிநீரோடு நேரத்தில் வந்துசேருமாறு கேட்டுக்கொள்கின்றேன்.