கூண்டுக் கிளியின் நெடும்பயணம்

(விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



படிப்பு, பணி, திருமணம் ஆகியவற்றை முன்னிட்டு ஊர்விட்டு ஊர் பெயர்வது இக்காலக் குடும்பங்களுக்கு இயல்பாகிவிட்டது. ஆரணி, வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து பெங்களூரு, புனே, மும்பை நகரங்களுக்கும் இல்லறத்தார் சென்றுகொண்டே இருக்கின்றனர். கட்டில், பீரோ, பாத்திரம் முதலியவற்றை லாரியில் ஏற்றும் ஏற்பாடு ஒரு மாதம் முன்னரே தொடங்கிவிடுகிறது. வீட்டில் வளரும் கிளியை எவ்வாறு கொண்டு செல்வது என்னும் கேள்வியோ, பல வீடுகளில் புறப்படும் நாளுக்கு முந்திய இரவில்தான் எழுகிறது. பொருள்களுக்குக் கிடைக்கும் முன்யோசனை உயிருக்குக் கிடைக்காமற் போவது முறையன்று.

கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களை இளமையிலேயே கற்றவர் பலர் இந்த அவையில் அமர்ந்துள்ளனர். கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி இவற்றை வகுத்துக் கூறியுள்ளார். எருதுகள் வண்டி இழுத்த காலத்தில் வகுக்கப்பட்ட இவ்வரிசை, காரின் பின்னிருக்கையில் வைக்கப்படும் கிளிக்கூண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் இதையொட்டியே அமைந்துள்ளது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், வீண் துன்பம் தரும் முறையில் ஏற்றிச் செல்வதும், போதிய உணவும் நீரும் தராதிருப்பதும் அச்சட்டப்படி குற்றங்களாகும். ஆகவே, இந்த ஐந்தையும் வரிசையாகக் கொண்டே கிளியின் பயணத்தை ஆராயலாம்.

எந்தக் கிளி?

முதலில் வீட்டிலுள்ள கிளி எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கழுத்தில் செந்நிற வளையம் கொண்ட பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் காட்டுக்கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் அடைத்து வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. அத்தகைய கிளியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்ல எண்ணுவதே பிழை. அதை வனத்துறையிடம் ஒப்படைப்பதே உரிய வழி. "ஊரைவிட்டுப் போகிறோம், புண்ணியமாகட்டும்" என்று கூண்டைத் திறந்து பறக்கவிடுவோரும் உண்டு. குஞ்சுப் பருவம் முதல் கையிலிருந்து உண்டு வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. பறக்கும் தசைகளும் வலுவிழந்திருக்கும். காக்கைக்கும் பூனைக்கும் அது எளிதில் இரையாகும். டில்லி செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் இயங்கும் பறவை மருத்துவமனையில், நோய் நீங்கிப் பறக்கும் வலிமை பெற்ற பிறகே பறவைகள் வானில் விடப்படுகின்றன. விடுதலைக்கும் ஆயத்தம் தேவை என்பதற்கு அது நல்ல சான்று.

அயல்நாட்டுக் கிளிகளிலும் வேறுபாடு உண்டு. லவ் பேர்ட்ஸ் என்று பொதுவாக அழைக்கப்படும் பட்ஜெரிகரும், கொண்டை உடைய காக்கடைலும் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியோ 2017 முதல் அதன் முதற்பட்டியலில் உள்ளது. இவ்வாறு பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் கூறுகின்றன. பரிவேஷ் இணையதளத்தில் அப்பதிவு நடைபெறுகிறது. பதிவுச் சான்றின் நகலும், கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும், கிளியின் கால்வளைய எண்ணும், அதன் தெளிவான புகைப்படமும் காரில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வழியில் கிளி தப்பினால் அடையாளம் காட்டவும் இவை உதவும்.

கட்டி அடைத்தல்

சென்னையிலிருந்து புனேவுக்குக் குடிபெயரும் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இது ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பயணம். வீட்டிலுள்ள பெரிய கூண்டு இதற்குப் பயன்படாது. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது கிளி அதற்குள் தூக்கி எறியப்பட்டுக் கம்பிகளில் மோதும். ஆகையால் பயணத்துக்கென உறுதியான சிறு கூண்டு ஒன்று வேண்டும். கிளி நிமிர்ந்து நிற்கவும், வால் உரசாமல் திரும்பவும், சிறகைச் சற்று விரிக்கவும் அதில் இடமிருக்க வேண்டும். அதனினும் சிறியது சிறை. மிகப் பெரியது ஆபத்து.

கிளி அமரும் குச்சி, கால்விரல் நன்கு பற்றக்கூடிய சொரசொரப்பான மரக்குச்சியாக, தரையிலிருந்து சிறிதே உயரத்தில் இறுகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஊஞ்சல், மணி, கண்ணாடி, கனமான கிண்ணம் ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். தரையில் பழைய துண்டை விரித்தால் வழுக்காது. கதவைக் கிளி தன் அலகால் திறந்துவிடாதபடி தனிக் கொக்கி ஒன்று அவசியம்.

அடித்தல்

கிளியைக் கோலால் அடிப்பவர் இந்த அவையில் எவருமிலர். ஆயினும், புறப்படும் நாள் காலையில் நான்கு பேர் சூழ்ந்து, அறை முழுதும் துரத்தி, துணியைப் போர்த்திப் பிடித்துப் புதிய கூண்டில் திணிப்பது அடித்தலுக்குக் குறைந்ததன்று. பறவைக்கு நெஞ்சை மூடும் உதரவிதானம் இல்லை. மார்பு விரிந்து சுருங்கினால்தான் அதற்கு மூச்சு. மார்பை இறுகப் பற்றிய கை அந்த மூச்சையே நிறுத்திவிடக்கூடும்.

இதைத் தவிர்க்கும் வழி பொறுமையான பயிற்சியே. பயணத்துக்கு ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே சிறு கூண்டைக் கிளியின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். அச்சம் தணிந்தபின், அதற்கு மிகவும் பிடித்த உணவை அக்கூண்டுக்குள் மட்டுமே தர வேண்டும். தானாக உள்ளே நுழையப் பழகியபின் கதவை ஒரு நிமிடம் மூடித் திறக்கலாம். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என நீட்டலாம். அடுத்து, நிற்கும் காருக்குள் கூண்டை வைக்க வேண்டும். இயந்திரத்தின் ஓசைக்குப் பழகியபின் தெருவைச் சுற்றி ஒரு சிறு ஓட்டம். பின்னர் அரை மணி நேரம், ஒரு மணி நேரம். எந்தப் படியிலாவது கிளி மிரண்டால் முந்திய படிக்குத் திரும்ப வேண்டும்.

இந்த இடைக்காலத்திலேயே பறவை மருத்துவம் அறிந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1903இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னைக் குடும்பங்களுக்கு அருகிலேயே உள்ளது. கிளிகள் நோயை வெளிக்காட்டாமல் மறைக்கும் இயல்புடையவை. மெலிவும் மூச்சிரைப்பும் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். மனிதருக்கான தூக்க மாத்திரையையோ வாந்தி மருந்தையோ சிறிதளவும் கொடுக்கலாகாது.

உறுப்பைச் சிதைத்தல்

வழியில் பறந்துவிடும் என்று அஞ்சிப் பயணத்துக்கு முன் சிறகை வெட்டுவோர் உள்ளனர். சிறகு குறைந்த கிளி தடுமாறி விழுந்து நெஞ்செலும்பில் அடிபடுகிறது. வெட்டிய சிறகோடும் காற்றின் போக்கில் அது தொலைதூரம் சென்றுவிடக்கூடும்; திரும்பி வரும் ஆற்றல்தான் இராது. மூடிய கண்ணாடியும் கொக்கியிட்ட கூண்டுமே உண்மையான காவல். பெட்ரோல் பங்கிலோ உணவகத்தின் முன்னோ, குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும், கூண்டைத் திறக்கக் கூடாது.

மிகு சுமை

பல கிளிகளை ஒரே கூண்டில் அடைப்பது மிகு சுமையாகும். இணைபிரியாத இரு சிறு பறவைகள் சேர்ந்து செல்லலாம்; மற்றவற்றுக்குத் தனித்தனிக் கூண்டுகள் வேண்டும். ஒன்றையொன்று காணும்படி அருகருகே வைத்தால் போதும். கூண்டின் இடம் பின்னிருக்கை; இருக்கைப் பட்டியால் அதைக் கட்ட வேண்டும். காற்றுப்பை உள்ள முன்னிருக்கையும், காற்றோட்டம் இல்லாத டிக்கியும் ஆகா. பெட்டி, மூட்டைகளை அதன்மேல் சரியும்படி அடுக்கக் கூடாது.

நேரமும் ஒரு சுமையே. பெங்களூரிலும் ஹூப்ளியிலும் இரவு தங்கி, பயணத்தை மூன்று நாளாகப் பிரித்தால் நாளொன்றுக்கு 350 முதல் 430 கிலோமீட்டர் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்திச் சற்று அமைதி தர வேண்டும். சாத்தாராவைத் தாண்டி வரும் கம்பாட்கி மலைப்பாதை போன்ற வளைவுகளில் வேகத்தைக் குறைக்க வேண்டும். தலை ஆட்டலும் உணவைக் கக்குதலும் தலைசுற்றலின் அறிகுறிகள்.

உணவும் நீரும்

வாந்தி எடுக்கும் என்று எண்ணிக் கிளியைப் பட்டினி போடுவது பெருந்தவறு. சிறு பறவையின் உடலில் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு நாள் பட்டினியே அதன் உயிருக்கு ஊறாகலாம். பழகிய உணவையே தர வேண்டும்; பயண நாளில் புதியது எதுவும் வேண்டா. ஓடும் காரில் தண்ணீர்க் கிண்ணம் சிந்தி இறகை நனைக்கும் என்பதால், வெள்ளரி, விதை நீக்கிய ஆப்பிள், ஆரஞ்சு ஆகிய நீர்ச்சத்துள்ள துண்டுகளை வைக்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீர் காட்டலாம். அவகாடோ, சாக்லேட், காபி, தேநீர், உப்பிட்ட நொறுக்குத்தீனி ஆகியவை கிளிக்கு நஞ்சு.

கதிரவன் மறைந்தபின் உண்ணாமை கிளிக்கு இயல்பு. இருட்டுமுன் உண்ணும் வழக்கமுடைய குடும்பத்துக்கு இதனால் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. விடியலில் புறப்பட்டு மாலை வெளிச்சத்திலேயே தங்குமிடம் சேர்ந்தால் வீட்டாரும் கிளியும் ஒரே வேளையில் உண்ணலாம்.

வெப்பமும் காற்றும்

இவ்வைந்தில் அடங்கியும் தனியே சொல்லத்தக்கவை இரண்டு. பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அலகைத் திறந்து இரைப்பதும், சிறகை உடலிலிருந்து விலக்கி வைப்பதும் வெப்பத்தால் துன்புறுவதன் அடையாளங்கள். வெயிலில் நிறுத்திய கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். எனவே உணவகத்தில் அனைவரும் ஒன்றாக இறங்காமல், ஒருவர் மாற்றி ஒருவர் கிளியோடு இருக்க வேண்டும். காரை முதலில் குளிர்வித்துப் பிறகே கூண்டை ஏற்ற வேண்டும். குளிர்காற்று நேரே கூண்டின்மேல் படக் கூடாது. கூண்டின் மூன்று பக்கங்களை மெல்லிய துணியால் மூடி ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பது அச்சத்தையும் வெயிலையும் குறைக்கும். வெப்பத்தால் துவண்ட கிளியின் காலில் தண்ணீரை மெல்லத் தெளிக்கலாம். ஐஸ் நீர் ஆகாது. உடனே மருத்துவரை நாட வேண்டும்.

பறவையின் மூச்சுறுப்பு மிக நுட்பமானது. காரில் தொங்கும் நறுமணப் பொருள், கொசுவர்த்தி, ஊதுபத்தி, நாப்தலின் உருண்டை ஆகியவற்றின் புகையும் ஆவியும் அதற்குத் தீங்கு. தங்கும் விடுதி அறையிலும் இதே கவனம் வேண்டும். இருளில் திடுக்கிட்டுச் சிறகடித்துக் காயப்படுவது காக்கடைலிடம் அதிகம். ஆதலால் சிறு இரவு விளக்கு ஒன்று எரியட்டும்.

புதிய வீட்டில்

புனே வீட்டில் முதலில் பிரித்து அமைக்க வேண்டியது கிளியின் பெரிய கூண்டே. பழைய குச்சிகளையும் கிண்ணங்களையும் முன்பிருந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். வண்ணம் பூசிய நெடி நீங்காத அறையும், சமையலறையை ஒட்டிய இடமும் ஆகா. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்கு மீறிச் சூடானால் வெளிவரும் ஆவி கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டைத் திறக்குமுன் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கண்ணாடிகளைத் திரையிட வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் காலைதோறும் சமையலறைத் தராசில் கிளியின் எடையைக் குறித்து வர வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, இறகைத் தானே பிடுங்கிக்கொண்டாலோ மருத்துவரிடம் செல்லக் காலம் தாழ்த்தலாகாது.

நோயுற்ற அல்லது முதிர்ந்த கிளிக்கு இப்பயணமே கூடாது என்று மருத்துவர் சொன்னால், அதை நன்கறிந்த உறவினர் வீட்டில் விட்டுச் செல்வதும் அறமே. பிரிவின் துயரம் வீட்டாருடையது. பயணத்தின் துன்பம் கிளியுடையது. இவ்விரண்டில் எதை ஏற்பது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இன்னும் கிளி வாங்காத வீட்டாருக்கும் ஒரு சொல் உண்டு. காக்கடைல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும், சாம்பல் கிளி நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. அத்தனை ஆண்டுகளில் ஒரு குடும்பம் எத்தனை ஊர் மாறும் என்பதைக் குழந்தைகளோடு அமர்ந்து எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்வது நலம். பெரும்பாலோர்க்குக் கிடைக்கும் விடை, மொட்டைமாடியில் ஒரு கிண்ணம் நீரும் ஒரு பிடி தானியமும் வைத்து, பறந்து வருவனவற்றை வரவேற்பதே போதும் என்பதாக இருக்கும். ஏற்கெனவே கூண்டில் வாழும் உயிருக்கோ, புறப்படும் நாளைக் குறித்த அன்றே ஆயத்தத்தையும் தொடங்கிவிட வேண்டும்.

வாழ்க அறம்! வளர்க அருள்!