கேம் சென்சார் சொல்லும் சேதி

சாவியைத் திருப்பியதும் கார் இன்ஜினின் கம்ப்யூட்டருக்கு ஒரு விவரம் தெரிந்தாக வேண்டும். உச்சிக்கு ஏறி வரும் பிஸ்டன் பெட்ரோல் கலவையை அழுத்துகிறதா, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறதா?

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் அது இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு முறை முழு வேலையும் முடியும்; அதற்குள் பிஸ்டன் இரண்டு தடவை உச்சியைத் தொட்டுவிடும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் அதே நேரத்தில் ஒரே சுற்றுதான். அங்கேதான் கட்டைவிரல் பருமனில் கேம் சென்சார் உட்கார்ந்திருக்கிறது.

பெரும்பாலும் அதற்குள் ஒரு சிறு காந்தமும் சிப்பும் இருக்கும். கேம் ஷாஃப்டோடு சுழலும் சக்கரத்தின் பல் எதிரே வந்து போகும்போது காந்தப்புலம் மாறும். மின்னழுத்தம் ஏறி இறங்கும். 1879-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வு மாணவராக இருந்த எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் கண்டுபிடித்த விளைவு இது. பற்களை வேண்டுமென்றே ஒழுங்கற்ற இடைவெளியில் வெட்டியிருப்பார்கள். அந்த வித்தியாசமே முதல் சிலிண்டரின் நிலையைக் காட்டிக்கொடுக்கும். என்ன அழகான யோசனை!

இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், கேம் ஷாஃப்ட் நொடிக்கு 25 முறை இந்தச் சேதியைச் சொல்கிறது.

சென்சார் பழுதானால் வண்டி ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கலாம். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனர் கேம் சென்சார் கோளாறைக் குறிக்கும் பி0340 என்ற குறியீட்டைக் காட்டினாலும், புதுச் சென்சார் வாங்கும் முன் வயரையும் கனெக்டரையும் பார்த்துவிடுவது நல்லது.