பத்திரம் எழுதி வாங்காத கல்லூரி

(மாணவர்களும் வணிகர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

பிள்ளையை டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு உண்டு. ஏழை மாணவனின் மருத்துவப் படிப்புக்கு அள்ளிக் கொடுக்கும் வணிகர்களும் இங்கே இருக்கிறீர்கள். நல்ல காரியம்தான். ஆனால், அவன் படித்து முடித்து யாருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறான் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு நாடு உண்டு. 1960களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவின் பொருளாதாரத் தடையில் கிடந்து தவிக்கும் சின்னஞ்சிறு தீவு. அதுதான் கியூபா!

1998இல் மிட்ச் என்ற சூறாவளி ஹோண்டுராஸ், நிகரகுவா நாடுகளைப் புரட்டிப் போட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கியூபா தன் டாக்டர்களை அனுப்பியது. புயலுக்கு முன்பே டாக்டர் முகம் காணாத கிராமங்கள் அங்கே இருந்தன. வந்தவர்கள் திரும்பிப் போனால் மறுபடியும் அதே கதிதானே? அந்த ஊர்ப் பிள்ளைகளையே டாக்டராக்குவது என்று கியூபா முடிவெடுத்தது. 1999 நவம்பரில், ஹவானாவுக்கு அருகே கடற்படைக் கல்லூரியாக இருந்த வளாகத்தில் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. போர் கற்பித்த இடம் உயிர் காக்கக் கற்பிக்கும் இடமாயிற்று!

படிப்பு, தங்குமிடம், உணவு, புத்தகம் எல்லாம் இலவசம். பள்ளிப் படிப்பில் குறையுள்ள மாணவருக்கு முதலில் ஆயத்த வகுப்பு. பிறகு ஆறாண்டு மருத்துவம். இதற்கு ஈடாகக் கேட்பது ஒரே ஒரு வாக்குறுதி: 'டாக்டர் இல்லாத ஊருக்கு நான் போவேன்.' இன்றுவரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்து பட்டம் பெற்றோர் 30,000 பேருக்கு மேல். அமெரிக்காவின் ஏழை மாணவர்களும் அதில் உண்டு!

பாடம் சொல்லும் முறையைப் பாருங்கள். கியூபாவில் 1984 முதல் தெருவுக்குத் தெரு குடும்ப டாக்டர் திட்டம் உண்டு. டாக்டரும் நர்ஸும் வீடு வீடாகப் போவார்கள். நோயாளி யார், நோய் வரக்கூடியவர் யார், ஊனமுற்றவர் யார் என்று பிரித்து எழுதி வைப்பார்கள். மாணவன் அங்கேயும் போய்ப் பழகுகிறான். மருந்துச் சீட்டு எழுதுவதோடு, குடிக்கும் தண்ணீரிலும் குடியிருக்கும் வீட்டிலும் நோயின் வேரைத் தேடக் கற்கிறான்.

இந்தப் பயிற்சியின் பலன் என்ன? 2005 அக்டோபரில் பாகிஸ்தானிலும் காஷ்மீரிலும் பூமி குலுங்கி எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, கியூபா 2,000க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களை அனுப்பியது. வெயில் நாட்டவர்கள் பனிமலையில் கூடாரம் போட்டு ஆறு மாதத்துக்கும் மேல் தங்கினார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். ஆண் டாக்டரிடம் போகத் தயங்கிய மலைக் கிராமத்துத் தாய்மார்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்! பாகிஸ்தான் மாணவர்களுக்கு ஆயிரம் மருத்துவ இடங்களையும் கியூபா அறிவித்தது.

குறை இல்லையா? உண்டு. வெளிநாடு போகும் டாக்டரின் சம்பளத்தில் பெரும்பகுதியை கியூபா அரசே எடுத்துக்கொள்கிறது என்ற கண்டனம் நெடுநாளாக இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. உழைத்தவனுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கல்லூரியின் பாடத்தையும் நாம் தள்ளிவிட வேண்டியதில்லை.

வணிகப் பெருமக்களே! லட்சங்களைக் கொட்டி வாங்கிய படிப்பு, கொட்டிய லட்சங்களைத்தான் திரும்பத் தேடும். ஊர் கொடுத்த படிப்புக்குத்தான் ஊரைத் தேடிப் போக மனம் வரும். அடுத்த முறை ஒரு மாணவனுக்குச் செக்கில் கையெழுத்திடும்போது, வட்டி வேண்டாம், பத்திரமும் வேண்டாம். 'தம்பி, எந்த ஊருக்குப் போவாய்?' என்று மட்டும் கேளுங்கள்.

இளைஞர்களே! அந்தக் கேள்விக்குப் பதிலை இன்றே தயார் செய்து வையுங்கள்.