பல் மருத்துவமனைகளில் நோய்த்தொற்றுத் தடுப்பு: கண்காணிப்பின் எல்லைகள்

தாம் பெறும் சேவையின் தரத்தை மக்கள் தாமே மதிப்பிட இயலாத துறைகளில், போட்டி மட்டும் தரத்தைக் காப்பாற்றுவதில்லை. பல் மருத்துவம் அத்தகைய துறை. வாயைத் திறந்தபடி சாய்ந்திருக்கும் நோயாளி, தம் ஈறைத் தொடும் கருவி எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது என்பதை அறியார். எனவே அரசின் கண்காணிப்பு இன்றியமையாததாகிறது.

பெங்களூருவில் உள்ள ஒரு சிறிய பல் மருத்துவமனையைக் கருதுவோம். 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் மருத்துவர்களுக்கு மாநிலப் பதிவேட்டை ஏற்படுத்தியது. அதற்கு மாற்றாக 2023இல் நாடாளுமன்றம் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை இயற்றியது. இதிலும் மாநில மன்றங்களுக்கு இடம் உண்டு. மருத்துவமனையின் பதிவு, கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம், 2007இன்படி நடைபெறுகிறது. எக்ஸ்-ரே கருவி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. கழிவுகளுக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் தேவை. மாதம் 1,000 பேருக்குக் குறைவாகச் சிகிச்சை தரும் இடங்களுக்கு 1998ஆம் ஆண்டு விதிகள் அளித்திருந்த விலக்கை 2016ஆம் ஆண்டு விதிகள் நீக்கின.

அமைப்புகளுக்குக் குறைவில்லை. ஆயினும் பட்டம், கருவி, கழிவு ஆகியவை ஏட்டில் பதிவாகும் அளவுக்கு அன்றாடப் பழக்கம் பதிவாவதில்லை. இதன் விளைவைத் தமிழ்நாடு கண்டது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட மாவட்டங்களில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் கண்டது. அவர்களுள் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குச் சென்றவர்கள். அப்பதின்மரில் 8 பேர் இறந்தனர். திறந்தபின் பஞ்சால் மூடி மீண்டும் பயன்படுத்தப்பட்ட உப்புநீர்ப் புட்டியே தொற்றுக்குக் காரணம் என 2025இல் வெளியான ஆய்வு சுட்டியது.

ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய சிறு புட்டி பயன்படுத்த ஆகும் செலவு மிகச் சொற்பம். எனினும் அச்செலவை ஏற்பவர் ஒருவர். அது தவிர்க்கப்படும்போது இழப்பை ஏற்பவர் வேறொருவர். இந்த இடைவெளியை நிரப்புவதே ஒழுங்குமுறையின் பணி.

இதற்குப் புதிய வாரியம் தேவையில்லை. நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் 15 நிமிடம் நிலைத்ததா என்பதற்கான நாட்பதிவு, உயிரிச் சோதனையின் முடிவு, திறந்த புட்டிகளின் நிலை ஆகிய மூன்றையும் பதிவைப் புதுப்பிக்கும்போதும், முன்னறிவிப்பின்றியும் பார்வையிடலாம். ஓர் அமைப்பு கண்ட குறையை மற்றவை உடனே அறிய ஏற்பாடு வேண்டும். உரிமம் வழங்கியதோடு கடமை முடிந்ததெனக் கருதும் நிர்வாகம், சட்டத்தை நிறைவேற்றியதாகலாம், நோயாளியைக் காத்ததாகாது.